கோதுமை மேட்டில் ஒரு மரக்கூரை: ஐடஹோ பயணக் குறிப்புகள்

புதன், இரவு

ஸ்போக்கேன் விமான நிலையத்தில் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு 195ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால், சிறிது தூரத்திலேயே பைன் மரங்கள் விலகிப் பாலூஸ் மேட்டுநிலம் தொடங்கிவிடுகிறது. பனியுகக் காலத்தில் காற்று கொண்டுவந்து குவித்த நுண்மண் இங்கே மேடும் பள்ளமுமாக, கண்ணுக்கு எட்டிய வரை ஒரு நேர்கோடுகூட இல்லாமல் பரந்து கிடக்கிறது. கோதுமையும் பட்டாணியும் பருப்பும் கொண்டைக்கடலையும் இதன் விளைச்சல். நவம்பர் மாதம் என்பதால் சில சரிவுகளில் அறுவடைக்குப் பிந்தைய தாளின் பழுப்பும், வேறு சிலவற்றில் இலையுதிர் காலத்தில் விதைத்த குளிர்காலக் கோதுமையின் இளம்பச்சையும் மாறி மாறித் தெரிந்தன. இந்த மேடுகளின் வடிவத்தைக் கவனித்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் நான் பார்க்க வந்திருக்கும் கட்டடத்தின் கூரை இந்த வடிவத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது.

நான் வந்திருப்பது மாஸ்கோ என்ற சிறு நகரத்துக்கு. ரஷ்யத் தலைநகரம் அல்ல, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், வாஷிங்டன் மாநில எல்லையை ஒட்டி, சுமார் இருபத்தையாயிரம் பேர் வாழும் பல்கலைக்கழக ஊர். 1889இல் நிறுவப்பட்ட ஐடஹோ பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் 2021இல் ஒரு விளையாட்டரங்கைத் திறந்தது. நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அந்த அரங்கின் கூரையை எஃகால் அல்லாமல் மாஸ் டிம்பர் எனப்படும், சிறு மரத்துண்டுகளை ஒட்டிப் பெரிய உத்திரங்களாக்கும் கட்டுமான முறையில் அமைத்திருக்கிறார்கள். கட்டுமானப் பொறியாளனாக இருபது ஆண்டுகளுக்கு மேல் எஃகோடும் கான்கிரீட்டோடும் மட்டுமே பழகிய எனக்கு அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக இருந்தது. அண்ணன் மகன் இங்கே கணினி அறிவியல் படிக்கிறான் என்பது பயணத்துக்குக் கிடைத்த கூடுதல் காரணம்.

வியாழன்

புதிய அரங்கை இன்று வெளியிலிருந்து மட்டும் பார்த்துவிட்டு, அதற்குத் தென்புறத்தில் நிற்கும் பழைய அரங்கிலேயே பகல் முழுவதையும் கழித்தேன். அது திட்டமிட்டது அல்ல. உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்த பிறகு வெளியே வர மனம் வரவில்லை.

கிப்பி டோம் என்பது அதன் பெயர், ஆனால் வடிவத்தில் அது படுக்கவைத்த பாதி உருளை. ஒரு முழு அமெரிக்கக் கால்பந்து மைதானமும் அதைச் சுற்றி ஓட்டப்பாதையும் பார்வையாளர் படிவரிசைகளும் அந்தக் கூரைக்குக் கீழே அடங்குகின்றன. பக்கத்திலிருந்து பக்கத்துக்கு 400 அடி, அதாவது ஏறத்தாழ 122 மீட்டர் அகலம். நடுவில் ஒரு தூண்கூட இல்லை, உச்சி மைதானத்திலிருந்து 150 அடி உயரத்தில் இருக்கிறது. இவ்வளவையும் தாங்குவது மரம் என்று சொன்னால் கீழே ஓடிக்கொண்டிருந்த மாணவர்களில் பலர் நம்பமாட்டார்கள் என்று நினைக்கிறேன். என் அண்ணன் மகனே நம்பவில்லை.

இதன் வரலாறு தீயில் தொடங்குகிறது. 1937இல் இவ்விடத்தில் அமைந்த நீல் ஸ்டேடியத்தில் மர இருக்கை வரிசைகள் இருந்தன. அது 1969இல் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல என்று மூடப்பட்டு, அதே ஆண்டில் எரிந்தும் போனது. அதன் இடத்தில் 1971இல் கான்கிரீட்டாலான திறந்தவெளி அரங்கம் எழுந்தது. இந்த ஊரின் பனிக்காலத்தில் திறந்தவெளியால் பயன் குறைவு என்பதால் 1975இல் அதற்குக் கூரை போட்டார்கள். மர இருக்கைகள் எரிந்து ஆறே ஆண்டில், அதே இடத்தில், மரத்தாலேயே கூரை. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். ஆர்ட் டிரவுட்னர் இதே பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். 1960இல் ஹெரால்ட் தாமஸ் என்பவரோடு சேர்ந்து பாய்சி நகரில் டிரஸ் ஜாய்ஸ்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர். இன்று வட அமெரிக்க வீடுகளில் தளங்களைத் தாங்கும் ‘I’ வடிவ மரச்சட்டம் அந்த நிறுவனத்திலிருந்து வந்ததுதான். மைக்ரோலாம் என்ற பெயரில் அவர்கள் விற்ற பொருளும் அப்படியே பரவியது.

மைக்ரோலாம் செய்யப்படும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். மரத்தடியைச் சுழலவிட்டு, மூன்று மில்லிமீட்டர் அளவு கனத்தில் சீவலாக உரித்து, அந்தச் சீவல்களை உலர்த்திப் பசை தடவி, எல்லாவற்றின் நாரும் ஒரே திசையில் ஓடும்படி அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டுகிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் பிளைவுட்டில் ஒரு தாளின் நார் நீளவாக்கிலும் அடுத்ததன் நார் குறுக்கிலும் ஓடும். அது பலகையாகப் பயன்படுவதற்குப் பொருத்தமானது, ஆனால் உத்திரத்துக்கு வேண்டியது ஒரே திசை வலிமை. கணுவோ பிளவோ எந்தச் சீவலில் இருந்தாலும் அது அந்த ஒரு தாளோடு நின்றுவிடுகிறது, உத்திரத்தின் முழு ஆழத்தையும் வெட்டுவதில்லை. ஆகவே வைரம் பாய்ந்த பெருமரம் இல்லாமலே, நடுத்தர மரங்களிலிருந்து, நம்பத்தகுந்த நீண்ட சட்டம் கிடைக்கிறது. கிப்பி டோமின் வளைவுகளில் மேலும் கீழும் ஓடும் விளிம்புச் சட்டங்கள் இந்த மைக்ரோலாம், இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கம்பிகள் எஃகுக் குழாய்கள். அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்கம் 1976இல் இதற்கு விருதளித்தது.

ஆனால் விருது மழைக்கு முன்னால் நிற்காது. கூரையின் மேல்தோல் சில ஆண்டுகளிலேயே மோசமாகக் கசியத் தொடங்கி, 1982இல் பழைய கூரைக்கு மேலேயே இன்னொரு கூரையைப் போட வேண்டியதாயிற்று. அரங்கின் கிழக்கு, மேற்கு முனைகளை மூடியிருந்த மரச்சுவர்கள் தீப்பாதுகாப்பு நோக்கில் ஏற்கத்தக்கவையாக இல்லாததால், மேற்குச் சுவர் 2009இலும் கிழக்குச் சுவர் 2011இலும் அகற்றப்பட்டு, எரியாத சட்டகத்தில் ஒளி ஊடுருவும் பலகைகள் பொருத்தப்பட்டன. இப்போது உள்ளே விழும் அந்த மெல்லிய வெளிச்சம் இந்த மாற்றத்தின் பலன். கவனிக்க வேண்டியது என்னவென்றால், 122 மீட்டரைத் தாண்டும் மர வளைவுகள் அன்று போட்டபடியே இன்றும் நிற்கின்றன, அவற்றின் மேலே இருந்த தோலும் ஓரத்தில் இருந்த சுவரும்தான் மாறின. மரக்கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ‘தாங்குமா’ என்றுதான் கேட்கிறார்கள். ‘நனையுமா, எங்கே நனையும், நனைந்தால் எப்படித் தெரியவரும்’ என்று கேட்பதே பொறியாளருக்கு முறையான கேள்வி என்று இந்தக் கூரைக்குக் கீழே நின்றபோது எனக்குத் தோன்றியது.

மாலையில் அண்ணன் மகன் என்னை மாணவர் பொழுதுபோக்கு மையத்துக்கு அழைத்துச் சென்றான். 2002இல் கட்டியது, உடற்பயிற்சிக் கூடமும் உயரமான ஏறுசுவரும் இருக்கின்றன. அங்கே எனக்கு எழுத ஒன்றும் இல்லை, அவனுக்கோ அதுதான் வளாகத்தின் இதயம்.

வெள்ளி, நள்ளிரவுக்குச் சற்று முன்

இன்று கூடைப்பந்து ஆட்டம். நுழைவுச்சீட்டு வாங்கி முதல் ஆட்களில் ஒருவராக உள்ளே போய், மேல்வரிசையில் கூரைக்கு மிக அருகில் இடம் பிடித்துக்கொண்டேன்.

முன்பு இந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ஆட்டங்கள் கிப்பி டோமுக்குள்ளேயே நடந்தன. 2001 முதல் அந்தப் பெரிய மைதானத்தின் ஒரு பகுதியைத் திரைகளால் மறைத்து, கோவன் ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் தற்காலிக அரங்கம் அமைப்பார்கள். கால்பந்துக்கான கூரையின் கீழே கூடைப்பந்தாடுவது எப்படி இருந்திருக்கும் என்பதை நேற்றைய வெற்றுவெளியை நினைத்தால் ஊகிக்கலாம். புதிய அரங்குக்கான பேச்சு நெடுங்காலம் நடந்து, கடன்கூட்டுறவு நிறுவனம் ஒன்று ஒரு கோடி டாலர் கொடுத்ததும் வேகம் பிடித்தது. அதனால் அரங்கின் பெயர் ஐடஹோ சென்ட்ரல் கிரெடிட் யூனியன் அரீனா. கட்டடக்கலை போர்ட்லேண்டின் ஆப்சிஸ், கட்டமைப்புப் பொறியியல் கேபிஎஃப்எஃப், மரக்கூரையின் நுட்பவடிவமைப்பும் நிறுவுதலும் கனடாவின் ஸ்ட்ரக்சர்கிராஃப்ட். 2019 கோடையில் வேலை தொடங்கி, கொரோனா காலத்தைக் கடந்து 2021இல் திறந்தார்கள்.

கூரை அலையலையாக எழுந்து தாழ்கிறது. புதன்கிழமை சாலையின் இருபுறமும் நான் பார்த்த மேடுகளின் கோடு இங்கே தலைக்கு மேலே ஓடுகிறது. கட்டடக்கலைஞர்கள் சொல்லும் உவமைகளை நான் பொதுவாகச் சந்தேகத்தோடுதான் கேட்பேன், ஆனால் இதை யாரும் சொல்லாமலே உணர முடிந்தது. முதன்மை உத்திரங்கள் குளூலம் எனப்படும் ஒட்டுமரம். அறுத்து உலர்த்திய பலகைகளை முனையோடு முனை விரல்கோத்தது போன்ற வெட்டுகளில் இணைத்து நீளமாக்கி, இழைத்துப் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வேண்டிய வளைவில் இறுக்கிப் பிடித்துக் காயவைத்தால் வளைந்த உத்திரம் கிடைக்கிறது. வளையும் உத்திரத்தில் அதிக விசை மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும்தான் என்பதால், தரமான பலகைகளை அந்த இரு விளிம்புகளுக்கும் ஒதுக்கி, சுமாரானவற்றை நடுவில் வைப்பார்கள். எந்தப் பலகை எங்கே போகவேண்டும் என்று தீர்மானித்துச் செய்யப்படும் பொருள் இது. இயற்கை மரத்தில் அந்தத் தெரிவுக்கு இடமே இல்லை.

எஃகை முற்றிலும் விலக்கிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். மரம் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையையும் நார்த்திசையில் தாங்கும், ஆனால் ஒரு சட்டத்தின் இழுவிசையை இன்னொரு சட்டத்துக்குக் கடத்தும் இணைப்பில்தான் தடுமாறும். அங்கெல்லாம் எஃகுத் தகடுகளும் போல்ட்டுகளும் வேலை செய்கின்றன. மரக்கூரையின் பொறியியல் என்பது பெரும்பாலும் இணைப்புகளின் பொறியியல்தான். மரம் ஈரத்துக்கேற்ப விரியும், சுருங்கும். ஆனால் நார்த்திசையில் அந்த மாற்றம் மிகச் சொற்பம், குறுக்குத்திசையில் பல மடங்கு. ஒரு மீட்டர் ஆழமான உத்திரத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே எஃகுத் தகட்டைப் பதித்து இறுக்கிவிட்டால், உத்திரம் சுருங்க முயலும்போது தகடு விடாது, நார் வழியே பிளவு விழும். ஆகவே போல்ட்டுகளை ஒரு சிறு பரப்புக்குள் நெருக்கி வைக்கிறார்கள், அல்லது துளையைச் செங்குத்தாக நீட்டிவிடுகிறார்கள். பனிக்காலத்தில் சூடேற்றிய உலர்ந்த காற்று, ஆட்ட இரவில் ஆயிரக்கணக்கானோரின் மூச்சும் வியர்வையும், மறுநாள் மறுபடி உலர்வு என்று மாறிக்கொண்டே இருக்கும் விளையாட்டரங்கில் இந்தக் கவனிப்பு வீட்டுக்கூரையைவிட அதிகம் தேவை.

தீயைப் பற்றியும் கேட்கப்படும் என்பதால் எழுதுகிறேன். கனமான மரச்சட்டம் எரியும்போது வெளிப்புறம் கரியாகி, அந்தக் கரியே உட்புறத்துக்குக் காப்பாகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் வேகத்தில்தான் கரி உள்ளே நகரும் என்று வடிவமைப்பு விதிகள் கொள்கின்றன. அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சுமார் நாற்பது மில்லிமீட்டர். அந்த அளவை எல்லாப் பக்கமும் கழித்த பிறகும் எஞ்சும் மரம் சுமையைத் தாங்குமாறு உத்திரத்தைப் பருமனாக்கிவிடலாம். காப்பில்லாத எஃகு உருகுவதற்கு வெகுமுன்பே வலிமையிழந்து தொய்ந்துவிடும், மரம் அப்படித் திடீரெனக் கைவிடுவதில்லை. இருந்தும் நேற்றுப் பார்த்த முனைச்சுவர்களின் கதையை மறந்துவிடக் கூடாது, ஏனெனில் கனமான உத்திரத்துக்குப் பொருந்தும் இந்த நியாயம் மெல்லிய மரச்சுவருக்குப் பொருந்தாது. ‘மரம் எரியாது’ என்பதுபோல் பேசும் விற்பனையாளர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களிடம் எந்தப் பருமனுள்ள மரம் என்று கேட்டால் போதும்.

ஆட்டம் தொடங்கி, கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தபோது இரைச்சல் காதை அடைத்தது. அது கூச்சலாகச் சிதறாமல் திரண்டு மேலெழுந்தது போலிருந்தது. அதற்குக் காரணம் மரமா, அரங்கின் சிறிய அளவா என்பதைப் பிரித்துச் சொல்லும் துணிவு எனக்கில்லை. நான் கழுத்தை உயர்த்தியபடியே இருப்பதைப் பார்த்த அண்ணன் மகன் பொறுமையிழந்தான்.

“சித்தப்பா, நீங்க ஆட்டம் பாக்க வந்தீங்களா, கூரையைப் பாக்க வந்தீங்களா?”

“கூரை நாற்பது நிமிஷத்துல முடிஞ்சு போற விஷயமில்லடா.”

“அப்போ பந்து எங்க இருக்குன்னாவது அப்பப்போ பாருங்க.”

பார்த்தேன். உள்ளூர் அணி மூன்றாம் பத்து நிமிடத்தில் முன்னிலை இழந்து மீண்டும் பிடித்தது என்று மட்டும் எழுதிவைக்கிறேன். அவன் இந்தக் குறிப்பைப் படிப்பான். ஆண்கள் ஆட்டத்தில் பத்து நிமிடக் கால்பகுதிகள் கிடையாது, இருபது நிமிடப் பாதிகள்தான் என்று அவன் திருத்தியதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

சனி

அரங்கின் மரத்தில் ஒரு பகுதி பல்கலைக்கழகத்தின் சொந்தக் காட்டிலிருந்து வந்தது. அந்தக் காட்டைப் பார்க்க இன்று வடகிழக்கே மாஸ்கோ மலைத்தொடருக்குப் போனோம். 1930களில் பாட்லாட்ச் மர நிறுவனம் கொடுத்த நிலத்தில் தொடங்கிய இந்தப் பரிசோதனைக் காடு எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்திருக்கிறது. டக்ளஸ் ஃபர், கிராண்ட் ஃபர், பாண்டரோசா பைன், செந்நிறச் சீடார், லார்ச் ஆகியவை கலந்து நிற்கின்றன. ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் லார்ச் இப்போது முழுவதும் மொட்டையாகி, தெரியாதவர் கண்ணுக்குப் பட்டுப்போனதுபோல் நின்றது. இங்கே மாணவர்களே மரம்வெட்டும் குழுவாகப் பணிபுரிகிறார்கள். வெட்டுவது, இழுப்பது, லாரியில் ஏற்றுவது எல்லாம் பாடத்தோடு சேர்ந்த சம்பள வேலை. ஒரு வெட்டுத்தளத்தின் அருகே அடுக்கிவைத்திருந்த தடிகளைப் பார்த்தேன். பெரும்பாலானவை என் இரு கைகளால் கட்டிப் பிடிக்கக்கூடிய பருமன்தான். நேற்று தலைக்கு மேலே நின்ற உத்திரங்களை எந்த ஒற்றை மரத்திலிருந்தும் அறுத்திருக்க முடியாது என்பது இங்கேதான் உறைத்தது.

‘எங்கள் காட்டு மரத்தில் எங்கள் அரங்கம்’ என்ற முழக்கத்தைச் சற்று நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். காட்டிலிருந்து போன தடி ஆலையில் பலகையாகி, தரம் பிரிக்கப்பட்டு, பிற பலகைகளோடு சேர்ந்து உத்திரமாகிறது. எந்த அடுக்கு எந்தச் சரிவில் வளர்ந்தது என்று கீழே அமர்ந்திருப்பவர் சுட்டிக்காட்ட முடியாது. கார்பனைப் பற்றிய பேச்சும் அப்படித்தான். ஒரு கன மீட்டர் மரம் ஏறத்தாழ ஒரு டன் கார்பன் டைஆக்சைடுக்கு ஈடான கார்பனைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பது உண்மை, ஆனால் வெட்டிய இடத்தில் மறுபடி காடு வளர்ந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும், கட்டடம் நீண்டநாள் நின்றால்தான் அது நிலைக்கும். இந்தக் காட்டைப் பொறுத்தவரை முதல் நிபந்தனையை மாணவர்களே ஆண்டுதோறும் கவனிக்கிறார்கள். நான் இதில் மதிப்பது வேறொன்றை: காடு வளர்க்கவும் மரம் வெட்டவும் சொல்லித்தரும் ஒரு பல்கலைக்கழகம், அந்த மரம் என்னவாகிறது என்பதைத் தன் மாணவர்கள் தினமும் நடந்துபோகும் வழியிலேயே நிறுத்தியிருக்கிறது. ஐடஹோவின் மரத்தொழில் நிறுவனங்களும் இதற்குப் பொருளாகவும் உழைப்பாகவும் கொடுத்திருப்பதில் வியப்பில்லை, அவர்களுக்கு இது நான்காயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கும் மாதிரிப் பொருள்.

ஞாயிறு, ஸ்போக்கேன் விமான நிலையம்

திரும்பும் வழியில் நெடுஞ்சாலையிலிருந்து விலகிப் பாட்லாட்ச் ஊருக்குப் போய்வந்தேன். 1906இல் மர நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காகவே கட்டிய ஊர் இது. அன்று உலகிலேயே மிகப்பெரிய வெள்ளைப் பைன் ஆலை இங்கே ஓடியது. ஆலை 1981இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது, இப்போது அந்த இடம் வெறும் திடல். வெள்ளைப் பைன்தான் ஐடஹோவின் மாநில மரம். ஆனால் ஐரோப்பாவிலிருந்து வந்த நாற்றுகளோடு நுழைந்த பூஞ்சை நோயாலும் அளவுமீறிய வெட்டாலும் அந்தப் பெருமரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. நோயைத் தாங்கும் நாற்றுகளை உருவாக்கும் பணியில் இதே பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. பெருமரம் தாராளமாகக் கிடைத்த காலத்தில் இந்த ஊரில் யாருக்கும் பலகைகளை ஒட்டி உத்திரம் செய்யும் தேவை இருந்திருக்காது.

போய்ப் பார்க்க விரும்புவோருக்கு: புல்மன்–மாஸ்கோ வட்டார விமான நிலையம் அருகிலேயே இருக்கிறது, சியாட்டிலிலிருந்து நேரடியாக வரலாம். ஸ்போக்கேன் வழியாக வந்தால் பாலூஸ் மேடுகளைச் சாலையிலேயே பார்த்துவிடலாம் என்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன். நவம்பர் முதல் மார்ச் வரை கூடைப்பந்துப் பருவம். அரங்கில் கீழ்வரிசை இருக்கைகளுக்கு ஆசைப்படாமல் மேல்வரிசைக்குச் சீட்டு எடுங்கள், உத்திரங்களும் அவற்றின் எஃகு இணைப்புகளும் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். அதற்கு முந்தைய நாளே கிப்பி டோமையும் பார்த்துவிடுங்கள். 1975க்கும் 2021க்கும் இடையில் மரக்கூரை எதையெல்லாம் கற்றுக்கொண்டது என்பதை ஒப்பிட இரண்டுக்கும் நடுவே நடக்க வேண்டிய தூரம் சில நிமிடங்கள்தான்.